தீவில் வைக்கப்பட்ட சமையல்காரம்மா: மேரி மாலன் (1869–1938)



வாழ்க்கை வரலாறு என்றால் தலைவர்கள், விஞ்ஞானிகள், விளையாட்டு வீரர்கள் என்று சாதித்தவர்களைப் பற்றித்தான் எழுதுவது வழக்கம். இந்த முறை ஒரு சமையல்காரம்மாவைப் பற்றி எழுதுகிறேன். அவர் பதக்கம் எதுவும் வாங்கவில்லை. ஆனாலும் இறந்து 80 ஆண்டுகளுக்கு மேல் ஆன பின்பும் உலகம் முழுவதும் மருத்துவ மாணவர்கள் அவர் பெயரைப் படிக்கிறார்கள். டைஃபாய்டு மேரி என்ற பட்டப்பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. அவருடைய உண்மைப் பெயர் மேரி மாலன்.

கொரோனா காலத்தில் நம்மை எல்லாம் அதிகம் பயமுறுத்திய செய்தி எது என்று யோசித்துப் பாருங்கள். இருமல், காய்ச்சல் எதுவும் இல்லாமல் நன்றாக நடமாடுபவரிடமிருந்தும் நோய் தொற்றலாம் என்பதுதான். இதே செய்தியை நூறு ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்க மக்கள் மேரி மாலன் மூலமாகத்தான் முதலில் தெரிந்துகொண்டார்கள். நம் குடியிருப்பில் பல வீடுகளில் சமையலுக்கு ஆள் வருகிறார்கள். மற்றவர்களும் மெஸ்ஸிலிருந்தோ ஹோட்டலிலிருந்தோ அவ்வப்போது வரவழைத்துச் சாப்பிடுகிறோம். ஆகவே இந்த அம்மாளின் கதை நமக்கும் வேண்டியதுதான்.

அயர்லாந்திலிருந்து நியூயார்க்

மேரி மாலன் 1869 செப்டம்பர் 23 அன்று அயர்லாந்தின் டைரோன் மாவட்டத்தில் குக்ஸ்டவுன் என்ற ஊரில் பிறந்தார். ஏழ்மை மிகுந்த பகுதி அது. பிழைப்பு தேடி ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேறி அமெரிக்கா போய்க்கொண்டிருந்த காலம். மேரியும் பதினைந்து வயதை ஒட்டிய பருவத்தில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்.

அங்கே அயர்லாந்துப் பெண்களுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் வீட்டு வேலைதான். அதிலும் பாத்திரம் கழுவுவது, துணி துவைப்பது எல்லாம் கீழ்ப்படி. சமையல்காரர் பதவி மேல்படி. சம்பளமும் அதிகம், மரியாதையும் உண்டு. மேரிக்குக் கைமணம் இருந்தது. படிப்படியாக உயர்ந்து பணக்காரக் குடும்பங்களின் சமையலறைப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தக் காலில் நின்று கௌரவமாகச் சம்பாதித்தார்.

1900-க்குப் பிறகு அவர் வேலை பார்த்த வீடுகளில் ஒரு விசித்திரம் நடந்தது. அவர் சேர்ந்து சில வாரங்களில் அந்த வீட்டில் யாருக்காவது டைஃபாய்டு வந்தது. 1902-ல் மெய்ன் மாநிலத்தில் டார்க் ஹார்பர் என்ற இடத்தில் கோடைக்காலம் கழிக்க வந்த டிரேட்டன் என்ற வழக்கறிஞரின் வீட்டில் பெரும்பாலோர் படுத்துவிட்டார்கள். மேரிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடிப்போகாமல் அங்கேயே இருந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். நன்றிக்கடனாக அந்த வழக்கறிஞர் சம்பளத்துக்கு மேல் 50 டாலர் கொடுத்தார். அந்த நோயே மேரியிடமிருந்துதான் வந்தது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

வாடகை வீட்டில் வந்த காய்ச்சல்

1906-ம் வருடக் கோடை. நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ஆய்ஸ்டர் பே என்ற ஊர். அன்றைய ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் கோடை இல்லமே அங்கேதான் இருந்தது. அவ்வளவு வசதியான இடம். சார்லஸ் ஹென்றி வாரன் என்ற வங்கியாளர் அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு தங்கினார். ஆகஸ்ட் கடைசியில் டைஃபாய்டு நுழைந்தது. வீட்டிலிருந்த 11 பேரில் 6 பேர் படுக்கையில் விழுந்தார்கள். வாரனின் மனைவி, இரண்டு மகள்கள், இரண்டு பணிப்பெண்கள், ஒரு தோட்டக்காரர்.

டைஃபாய்டு என்றால் சாக்கடையும் நெரிசலும் உள்ள ஏழைகளின் குடியிருப்பில் வருவது என்பதுதான் அப்போதைய நினைப்பு. வீட்டின் சொந்தக்காரருக்குக் கவலை வந்துவிட்டது. காய்ச்சல் வந்த வீடு என்று பெயர் பரவினால் அடுத்த சீசனுக்கு யார் வாடகைக்கு வருவார்கள்? வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் நம் அன்பர்களுக்கு இந்தக் கவலை புரியும். அவர் ஜார்ஜ் சோப்பர் என்ற சுகாதாரப் பொறியாளரை நியமித்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார்.

சோப்பர் கிணறு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, சாக்கடை, பால் என்று ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. கடற்கரையில் விற்ற சிப்பி மீன்மேல் சந்தேகம் போனது. அதைச் சாப்பிட்ட ஊர்க்காரர்கள் யாருக்கும் காய்ச்சல் இல்லை. கடைசியில் வீட்டுக்கு யார் புதிதாக வந்தார்கள் என்று விசாரித்தார். ஆகஸ்ட் 4-ந் தேதி ஒரு புது சமையல்காரம்மா வேலைக்குச் சேர்ந்திருந்தார். காய்ச்சல் வந்த சில வாரங்களில் வேலையை விட்டுப் போயிருந்தார்.

பிறகு சோப்பர் செய்தது எங்கள் வங்கியில் ஆடிட் பார்ப்பதைப் போன்ற வேலை. வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியின் பதிவுகளைப் பிடித்து, மேரி முன்பு எந்தெந்த வீடுகளில் இருந்தார் என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போனார். 8 குடும்பங்களின் விவரம் கிடைத்தது. அதில் 7 குடும்பங்களில் டைஃபாய்டு வந்திருந்தது. மொத்தம் 22 பேர். ஒரு இளம்பெண் இறந்திருந்தார்.

பீச் பழ ஐஸ்கிரீம்

சமைத்த உணவில் கிருமி எப்படிப் பிழைக்கும் என்று கேட்கலாம். பிழைக்காது. மேரி சமைத்த சூடான உணவால் ஆபத்து மிகக் குறைவு. ஆனால் அவருடைய கைமணத்துக்குப் பேர்போன பண்டம் ஒன்று இருந்தது. பச்சையாக நறுக்கிய பீச் பழத் துண்டுகளைச் சேர்த்து உறையவைத்த ஐஸ்கிரீம். பழத்தை நறுக்கிய கையில் இருந்த கிருமியைக் கொல்ல அங்கே நெருப்பு கிடையாது. இதன் வழியாகத்தான் பரவியிருக்க வேண்டும் என்பது சோப்பரின் முடிவு.

டைஃபாய்டு வந்து குணமானவர்களில் நூற்றுக்குச் சிலருடைய பித்தப்பையில் அந்தக் கிருமி தங்கிவிடுகிறது. அது அவர்களுக்கு ஒரு தொந்தரவும் தருவதில்லை. ஆனால் மலத்தோடு வெளியேறிக்கொண்டே இருக்கும். கழிப்பறை போய்வந்து கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவாவிட்டால் விரல் நுனியிலும் நக இடுக்கிலும் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து உணவுக்கு வரும். இப்படிப்பட்டவர்களைக் கிருமி தாங்கிகள் என்று மருத்துவத்தில் சொல்கிறார்கள். ஜெர்மனியில் ராபர்ட் கோக் போன்றவர்கள் இதைப் பற்றி அப்போதுதான் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். அமெரிக்காவில் டாக்டர்களிலேயே பலருக்கு இது புதுச் செய்தி.

நம் வீட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். சாம்பாரும் ரசமும் கொதித்து இறங்குகின்றன. தேங்காய்ச் சட்னி, தயிர்ப் பச்சடி, நறுக்கிய பழம், வெள்ளரிக்காய், மோர் ஆகியவை கொதிப்பதில்லை. கை சுத்தம் அதிகம் வேண்டியது இவற்றுக்குத்தான்.

முள்கரண்டியும் போலீசும்

1907 மார்ச்சில் நியூயார்க்கின் பார்க் அவென்யூவில் ஒரு வீட்டில் மேரி வேலை செய்வதை சோப்பர் கண்டுபிடித்தார். அந்த வீட்டிலும் காய்ச்சல். சமையலறைக்கே நேரில் போய், உங்களால்தான் நோய் பரவுகிறது, பரிசோதனைக்கு ரத்தமும் சிறுநீரும் மலமும் வேண்டும் என்று கேட்டார். முன்பின் தெரியாத ஆண் ஒருவர் இப்படிக் கேட்டால் ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும்? மேரி இறைச்சி வெட்டப் பயன்படும் பெரிய முள்கரண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். சோப்பர் ஓட்டம் பிடித்தார்.

அடுத்து சுகாதாரத் துறை டாக்டர் ஜோசபின் பேக்கர் என்ற பெண் மருத்துவரை அனுப்பியது. இவருடைய தந்தை டைஃபாய்டில் இறந்தவர். பின்னாளில் நியூயார்க்கின் குழந்தை மரணங்களைப் பெருமளவு குறைத்துப் புகழ்பெற்றவரும் இவர்தான். பேக்கர் போலீசோடு வந்தபோதும் மேரி தப்பி ஓடி ஒளிந்துகொண்டார். பல மணி நேரம் தேடினார்கள். கடைசியில் ஒரு சிறிய அறையின் கதவிடுக்கில் துணியின் ஓரம் மாட்டியிருந்ததைப் பார்த்துப் பிடித்தார்கள். ஆம்புலன்ஸ் மருத்துவமனை போய்ச் சேரும்வரை பேக்கர் மேரியின் மேலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. பரிசோதனையில் டைஃபாய்டு கிருமி இருப்பது உறுதியானது.

மேரிக்கு மட்டும் அது கடைசிவரை உறுதியாகவில்லை. தனக்கு டைஃபாய்டு வந்ததே இல்லை என்று அவர் நம்பினார். உடம்பு திடமாக இருந்தது. யாரும் அவர் பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்து, அவருக்குப் புரிகிற மாதிரி விளக்கியதாகத் தெரியவில்லை. பித்தப்பையை அறுத்து எடுத்துவிடலாம் என்றார்கள். அந்தக் காலத்தில் அது உயிருக்கே ஆபத்தான அறுவை சிகிச்சை. அவர் மறுத்துவிட்டார்.

தீவில் மூன்று ஆண்டுகள்

நியூயார்க் ஆற்றில் நார்த் பிரதர் என்று ஒரு சிறு தீவு. அங்கே தொற்றுநோய் மருத்துவமனை இருந்தது. அதன் வளாகத்தில் ஒரு சிறு வீட்டில் மேரியைத் தனியாக வைத்தார்கள். வாரந்தோறும் பரிசோதனை. எடுத்த 163 மாதிரிகளில் 120-ல் கிருமி இருந்தது, மீதியில் இல்லை. மேரி தனியார் ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பிய மாதிரிகளிலும் கிருமி இல்லை என்று பதில் வந்தது. கிருமி தாங்கிகளிடம் இப்படி விட்டுவிட்டுத்தான் கிருமி வெளிப்படும். ஆனால் அவருக்கு அது தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதற்குச் சான்றாகவே பட்டது.

1909-ல் ஒரு செய்தித்தாள் அவர் கதையைப் பெரிதாகப் போட்டது. வாணலியில் அவர் மண்டை ஓடுகளைப் போடுவதுபோல ஒரு படமும் வரைந்திருந்தது. அந்த ஆண்டே அவர் நீதிமன்றம் போனார். குற்றம் எதுவும் செய்யாத தன்னை விசாரணையே இல்லாமல் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பது அவருடைய வாதம். ஊர் நன்மை பெரிது என்று நீதிமன்றம் விடுவிக்க மறுத்தது.

1910 பிப்ரவரியில் புதிதாகப் பொறுப்பேற்ற சுகாதார ஆணையர் எர்ன்ஸ்ட் லெடர்லி அவரை விடுவித்தார். இனிச் சமையல் வேலை செய்யமாட்டேன், சுத்தமாக இருப்பேன், குறித்த நாளில் வந்து ஆஜராவேன் என்று மேரி எழுதிக் கொடுத்தார். சலவை வேலை ஒன்றும் ஏற்பாடு செய்துகொடுத்தார்கள்.

மீண்டும் அடுப்படி

சலவை வேலையின் சம்பளம் சமையல் சம்பளத்தில் பாதிகூட இல்லை. நாற்பது வயதுக்கு மேல், பல ஆண்டுகள் கற்ற தொழிலை விட்டுவிட்டு, முதல் படிக்கு இறங்கச் சொன்னால் எத்தனை பேரால் முடியும்? அவருக்குக் குடும்பமும் இல்லை, சேமிப்பும் இல்லை. சில காலம் சமாளித்தார். பிறகு ஆஜராவதை நிறுத்தினார். மேரி பிரவுன் என்று பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி சமையலுக்கே போனார்.

1915-ல் நியூயார்க்கின் ஸ்லோன் மகளிர் மருத்துவமனையில் டைஃபாய்டு பரவியது. பிரசவம் பார்க்கும் இடம் அது. டாக்டர்கள், நர்சுகள், ஊழியர்கள் என்று 25 பேர் பாதிக்கப்பட்டார்கள். 2 பேர் இறந்தார்கள். சமையலறையில் இருந்தவர் மேரி பிரவுன். விசாரித்தபோது அவர் மேரி மாலன்தான் என்று தெரியவந்தது.

முதல் முறை அவருக்காகப் பரிதாபப்பட்டவர்கள் இந்த முறை மன்னிக்கவில்லை. அதில் நியாயமும் இருக்கிறது. சமைக்கக் கூடாது என்று தெரிந்தும், எழுதிக் கொடுத்தும், பிரசவ மருத்துவமனையிலேயே சமைத்தார். இறந்துபோன இருவருக்கும் குடும்பம் இருந்திருக்கும். மேரியின் கதையைப் படிப்பவர்கள் இதைப் பூசி மெழுகக் கூடாது.

மறுபடி அதே தீவு. இந்த முறை 23 ஆண்டுகள். கோபம் மெல்ல அடங்கியது. பிற்காலத்தில் அங்கிருந்த மருத்துவமனை ஆய்வகத்தில் சம்பளத்துக்கு உதவியாளராக இருந்தார். 1932-ல் பக்கவாதம் வந்து படுக்கையானார். 1938 நவம்பர் 11 அன்று 69 வயதில் காலமானார். அடக்கத்துக்கு வந்தவர்கள் மிகச் சிலரே. அவரால் நோய் வந்ததாகக் கணக்கில் ஏறியவர்கள் சுமார் 50 பேர், இறந்தவர்கள் 3 பேர். டைஃபாய்டைக் குணப்படுத்தும் குளோராம்பெனிகால் மருந்து வந்தது அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்துத்தான்.

கணக்குப் பார்த்தால்

நான் வணிகவியல் படித்து வங்கியில் பேரேடு எழுதியவன். எதையும் வரவு, செலவு என்று இரண்டு பக்கமாகப் போட்டுப் பார்ப்பது பழக்கம்.

மேரி இறந்த காலத்தில் நியூயார்க்கில் அவரைப் போன்ற கிருமி தாங்கிகள் நூற்றுக்கணக்கில் கண்டறியப்பட்டிருந்தார்கள். அவர்களில் யாரையும் மேரியைப்போல ஆயுள் முழுக்க அடைத்து வைக்கவில்லை. 1924-ல் அல்போன்ஸ் கோட்டில்ஸ் என்ற பேக்கரி முதலாளி, தடையை மீறித் தன் கடையில் உணவு தயாரித்துப் பிடிபட்டார். இனிச் சமையலறைக்குள் போகமாட்டேன் என்று சொன்னதும் நீதிமன்றம் விட்டுவிட்டது. அவர் கடைக்குச் சொந்தக்காரர். கல்லாவில் உட்கார்ந்தே பிழைக்கலாம். மேரி கூலிக்குச் சமைத்தவர். சமைத்தால்தான் சோறு.

26 ஆண்டுகள் ஒருவருக்கு வீடு, சாப்பாடு, பரிசோதனை என்று நகரம் செய்த செலவை ஒரு பக்கம் வையுங்கள். 1910-ல் சலவைச் சம்பளத்துக்கும் சமையல் சம்பளத்துக்கும் இருந்த வித்தியாசத்தை மாதாமாதம் கொடுத்திருந்தால் ஆகியிருக்கும் செலவை மறுபக்கம் வையுங்கள். எது குறைவு என்று சொல்ல பேரேடே தேவையில்லை. ஸ்லோன் மருத்துவமனையில் இறந்த இருவரும் பிழைத்திருப்பார்கள். மேரியும் வெளியே இருந்திருப்பார்.

வங்கியில் எனக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவச் சான்றிதழ் கொடுத்து லீவு எடுப்பேன். சம்பளத்தைப் பற்றியோ, திரும்பிப் போனால் நாற்காலி இருக்குமா என்றோ நான் கவலைப்பட்டது கிடையாது. ஆகவே எனக்குக் காய்ச்சல் என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது. நம் வீட்டுச் சமையல்காரம்மாவால் அப்படிச் சொல்ல முடியுமா? கொரோனா நேரத்தில் வாசலில் தெர்மாமீட்டர் வைத்தோம், சானிடைசர் வைத்தோம். காய்ச்சல் என்று சொன்னால் அன்றைய சம்பளம் போய்விடும் என்றால், ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வரத்தான் தோன்றும். எந்தக் கருவியாலும் அதைத் தடுக்க முடியாது.

நாம் செய்யக்கூடியவை

கொரோனா மூச்சுக்காற்றில் பரவியது. டைஃபாய்டு உணவிலும் தண்ணீரிலும் பரவுவது. ஆனால் இரண்டுக்கும் பொதுவான பாடங்கள் சில உண்டு. அன்பர்கள் யோசிக்க வேண்டுகிறேன்.

1. பணியாளர்களுக்கான கழிப்பறையில் தண்ணீரும் சோப்பும் எப்போதும் இருக்க வேண்டும். கை கழுவச் சொல்லிவிட்டு சோப்பு வைக்காமல் இருப்பதில் பொருளில்லை. வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்த விடமாட்டோம் என்பவர்கள் கீழே உள்ளதை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அங்கிருந்து வரும் கைதான் நம் சட்னியை அரைக்கிறது. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேச வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

2. காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, கையில் சீழ்ப்புண் உள்ளவர்கள் உணவைத் தொடக் கூடாது. அந்த நாட்களுக்குச் சம்பளம் பிடிக்காமல் இருப்போம். மாதத்தில் இரண்டு நாள் சம்பளம் நம் வீட்டு ஆஸ்பத்திரி பில்லை விடக் குறைவு.

3. ஹோட்டல், மெஸ், கேட்டரிங் நடத்துபவர்கள் தங்கள் ஊழியர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையும் டைஃபாய்டு வகை நோய்களுக்குத் தடுப்பூசியும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன. விழாக்களுக்குக் கேட்டரிங் பேசும்போது விலையோடு இதையும் கேட்போம்.

4. வீட்டில் சமைப்பவருக்கும் டைஃபாய்டு தடுப்பூசி போடலாம். டாக்டரிடம் கேட்டு, அவர் வேலை பார்க்கும் இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் செலவைப் பகிர்ந்துகொண்டால் யாருக்கும் பாரமில்லை.

5. எதைச் சொன்னாலும் காரணத்தோடு, மரியாதையாகச் சொல்வோம். உங்களால் நோய் வருகிறது என்று ஆரம்பித்தால் மேரி எடுத்த முள்கரண்டியை யாரும் எடுப்பார்கள். கிருமி எங்கே இருக்கும், கையில் எப்படி ஒட்டும், சோப்பு ஏன் வேண்டும் என்று பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் புரியாதவர் யாரும் இல்லை.

6. இது சம்பளத்துக்குச் சமைப்பவருக்கு மட்டும் சொன்னதல்ல. வீட்டில் கரண்டி பிடிக்கும் நாம் எல்லோரும் கடைப்பிடிக்க வேண்டியது. கழிப்பறை போய்வந்ததும், சமையலுக்கு முன்பும், சோப்புப் போட்டு 20 விநாடி. நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்வதும் முக்கியம்.

மேரி மாலன் நல்ல சமையல்காரர். நோய் வந்தவர்களை விட்டு ஓடாமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர். பிறகு தெரிந்தே தவறும் செய்தவர். சமைக்காதே என்று அவருக்கு உத்தரவு போட்ட நகரம், சமைக்காமல் எப்படி வாழ்வது என்பதற்கு அவர் ஏற்கும்படியான வழி காட்டவில்லை. நம் வீட்டில் சமைப்பவர் இன்றைக்கு உடம்பு சரியில்லை அம்மா, நான் வரவில்லை என்று பயமில்லாமல் போனில் சொல்ல முடிந்தால், நம் குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.